கைகூப்பலும் கைகுலுக்கலும்

மக்கள் ஒருவரையொருவர் எதிர்ப்படுங்கால், வாய்திறந்து பேசுவதற்கு முன்னரே உடம்பினாற் பேசிவிடுகின்றனர். தலைதாழ்த்துதல், கைகூப்புதல், காலில் வீழ்ந்து வணங்குதல், மார்புறத் தழுவுதல், கைபற்றிக் குலுக்குதல் என்பன அவ்வுடற்பேச்சின் வகைகளாம். வாய்ச்சொல்லிற் பொய் கலத்தல் எளிது. உடம்பின் சொல்லில் அஃது அத்துணை எளிதன்று. ஒருவன் மற்றொருவனைத் தனக்கு மேலானவனாகக் கருதுகின்றானா, கீழானவனாகக் கருதுகின்றானா, நிகரானவனாகக் கருதுகின்றானா என்பதை அவன் செய்யும் வந்தனமே காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் வந்தனமுறை சிறு பொருளென்று தள்ளத்தக்கதன்று. ஒரு நாட்டு மக்கள் தம்முள் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டின் சட்டப் புத்தகங்களைப் புரட்டுமுன் அதன் தெருக்களில் ஒரு நாழிகை நின்று, மக்கள் எதிர்ப்படும் விதத்தை நோக்குவாராயின் பெரும்பயன் எய்துவர்.

கைகுலுக்கும் வழக்கத்தைப்பற்றி நம் மாணவரிடையே இருவேறு கட்சிகள் உண்டு. ஒரு சாரார், அது மேனாட்டார் கொணர்ந்த வழக்கம், தமிழர்க்குரியது கைகூப்பலே, தாய்மொழியைப் போற்றுவோர் தாய்நாட்டு வந்தனத்தையும் போற்றுதல் வேண்டும் என்பர். மற்றொரு சாரார், உத்தியோகத்துக்குச் செல்லுமிடத்தும் அயல்நாடு செல்லுமிடத்தும் கைகுலுக்கத் தெரியாதவன் நாகரிகமற்றவனாக எண்ணப்படுவான். ஆதலால் அதனைப் பழகல் வேண்டும் என்பர். முன்னவர் பழமையைப் பேசுகின்றனர். பின்னவர் பிழைப்பைப் பேசுகின்றனர். இரண்டும் வேண்டியனவே. ஆயினும், வந்தனம் எதற்காக ஏற்பட்டதோ அதனை இருதிறத்தாரும் எண்ணிப் பார்த்திலர் என்பது நமது கருத்து. ஒரு வந்தனத்தின் தகுதியை அது பிறந்த தேயத்தைக்கொண்டோ, அதனால் வரும் ஊதியத்தைக்கொண்டோ அளத்தல் முறையன்று. அது மனிதனை மனிதனோடு சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா என்பதைக்கொண்டே அளத்தல் முறை. இதனைத் தஞ்சை நாட்டு வரலாறு, அதிலும் திருத்துறைப்பூண்டிப் பகுதியின் வரலாறு, நன்கு விளக்குமாதலின், அதனை நடுவாகக்கொண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் கைகுலுக்கலின் பழமையைச் சிறிது நோக்குவோம். அசீரிய நாட்டு வேந்தன் மூன்றாம் ஷால்மனேசர் பாபிலோனிய வேந்தனோடு கைபற்றி நிற்கும் காட்சி, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அரியணைப் பீடத்திற் செதுக்கப்பட்டுள்ளது. இராக் நாட்டு நிம்ருத் என்னுமிடத்திற் கிடைத்த அச்சிற்பம், இரண்டு அரசர்க்கிடையே ஏற்பட்ட உடன்படிக்கையைக் குறிப்பது. ஏதென்சு நகரத்துப் பழங் கல்லறைக் கற்களிலோ, இறந்தவரும் இருப்பவரும் கைபற்றி விடைபெறும் காட்சிகள் காணப்படுகின்றன. ஆகவே, பண்டைக் காலத்தில் இச்செய்கை உடன்படிக்கைக்கும் பிரிவுக்கும் உரியதாயிருந்தது. எதிர்ப்பட்டார் எல்லார்க்கும் நாடோறும் செய்யும் வந்தனமாக அது பரவியது பிற்காலத்திலேதான்.

அங்ஙனம் பரவியதற்கு ஒரு காரணம் கூறுவர் வரலாற்றாசிரியர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த நண்பர் சங்கத்தார், அதாவது குவேக்கர்கள், மனிதன் முன் மனிதன் தொப்பி கழற்றலும் குனிந்து நிற்றலும் ஆகா என்னும் கொள்கையினர். 1670-இல் இலண்டன் நீதிமன்றத்தில் வில்லியம் பென் என்பாரும் அவர் தோழரும் தொப்பி கழற்றாது நின்றமைக்காக அபராதம் விதிக்கப்பெற்றனர். தலைவணங்க மறுத்த அக்கூட்டத்தார், அதற்கு ஈடாகக் கைகொடுத்தலையே தம் வந்தனமாகக் கொண்டனர். பிரபுவுக்கும் அதே கை. பணியாளுக்கும் அதே கை. கைகுலுக்கலை வெள்ளையர் ஆட்சியின் அடையாளமாகமட்டும் கருதுவோர், அவ்வெள்ளையர் நாட்டிலேயே அது பணியாமையின் அடையாளமாயிருந்த இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளல் நலம்.

நிற்க. கையைத் தொடும் வழக்கமே தமிழர்க்குப் புதிதென்பாரும் நம் நாட்டு வழக்காற்றை ஊன்றி நோக்கினாரல்லர். மாட்டுச் சந்தைக்குச் சென்று பார்த்தவர் அறிவர். தரகரும் விற்போரும் துண்டினாற் கையை மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றியே விலைபேசி முடிப்பர். சுற்றி நிற்பார்க்கு ஒரு சொல்லும் கேளாது. விலை படிந்தால் கையடித்துக் கொடுப்பர்; அதன்பின் பேச்சு மாறுதல் இழுக்கு. மணப்பந்தரில் மணமகன் மணமகளின் கையைப் பற்றுகின்றான். முதியோர் வண்டியினின்று இறங்குங்கால் இளையோர் கைலாகு கொடுக்கின்றனர். உதவி செய்தலைக் ‘கைகொடுத்தல்’ என்றும், துணையின்றி விடுதலைக் ‘கைவிடுதல்’ என்றும், அவசரத்துக்குப் பெறும் கடனைக் ‘கைமாற்று’ என்றும், ஒருவர் வீட்டில் உண்ணுதலைக் ‘கைநனைத்தல்’ என்றும் நாம் வழங்குகின்றோம். மனிதர் தம்முட்கொள்ளும் உறவு அனைத்தையும் கையின் பெயராலேயே பேசும் மொழி நம் மொழி. அம்மொழியைப் பேசுவார்க்குக் கைபற்றுதல் அயலாரின் கோலமாகத் தோன்றவேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடலையொட்டியுள்ள முத்துப்பேட்டையிலும், அதற்கப்பால் அதிராம்பட்டினத்திலும், வடக்கே நாகூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். அவர்கள் ஸலாம் கூறி, ஒருவர் கையை மற்றவர் இருகைகளாலும் பற்றிக்கொள்வதை ‘முஸாபஹா’ என்பர். பள்ளிவாசலில் தொழுகை முடித்து வெளிவருவோர் ஒருவர்க்கொருவர் இங்ஙனம் கைகொடுப்பதைக் காணலாம். ஆகவே, கைபற்றும் வந்தனம் நம் கரைக்குக் கும்பெனியார் கப்பலில் முதன்முதலாக வந்திறங்கியதன்று. தமிழ் பேசும் மக்களுள் ஒரு பெருங்கூட்டத்தார்க்கு அது சமயவழி வந்த சொந்த வழக்கமேயாம்.

இனிக் கைகூப்பலைப்பற்றிச் சில கூறுவோம். அதன் அழகை மறுப்பார் யார்? ஆயிரம்பேர் கூடிய அவையிலும் ஒருவர் ஒரே முறை கைகூப்பி எல்லார்க்கும் மரியாதை செலுத்திவிடலாம். ஆற்றின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் நிற்பவரை வணங்கலாம். ஆண் பெண் என்னும் வேறுபாடு கருதிக் கூசவேண்டுவதில்லை. கடவுளை வணங்கும் கையாலேயே மனிதனையும் வணங்குதல், மனிதனுள் ஒரு பெருமையைக் காண்பதாகும். முற்காலத்தில் நம் நாட்டில் ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் ஒவ்வொரு வந்தனச்சொல் இருந்தது. ஒருவர் ‘நமஸ்காரம்’ என்பார். ஒருவர் ‘கும்பிடுகிறேன்’ என்பார். கிறிஸ்தவர் ‘ஸ்தோத்திரம்’ என்பார். முஸ்லிம்கள் ‘ஸலாம்’ என்பார். சொல்லைக் கேட்டமாத்திரத்தில் சொல்லியவர் இன்னாரென்று அறியலாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கத்தாராலும் சுயமரியாதை இயக்கத்தாராலும் ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல் எங்கும் பரவியது. சொல்பவரும் கேட்பவரும் அதே சொல்லை மாற்றிச்சொல்லக் கூடியதாயிருத்தலே அதன் தனிச்சிறப்பு.

ஆயினும், கைகூப்பலில் ஒரு குறை உண்டு. திருவள்ளுவர் கூடாநட்பு என்னும் அதிகாரத்தில், பகைவர் தொழுதுநிற்கும் கைக்குள்ளேயும் கொலைக்கருவி மறைந்திருத்தல் கூடும் என்று எச்சரிக்கின்றார். நாம் கூறவந்த குறை அதனினும் வேறு. கைகூப்பலை ஒருவர் தனித்துச் செய்யலாம். மற்றவர் அதனைத் திரும்பச் செய்யவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அச்செய்கையில் இல்லை. கும்பிட்டவன் கும்பிட்டுக்கொண்டே நிற்கலாம். கும்பிடப்பட்டவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையசைக்கலாம். அதுவுமின்றிச் சும்மா இருக்கலாம். கைகுலுக்கலோ அத்தகையதன்று. இரண்டு கைகள் நீண்டாலன்றி அது நடைபெறாது. நீட்டிய கை அந்தரத்தில் நிற்குமாயின் அதனைக் கண்டார் அனைவர்க்கும் அவமதிப்பு வெளிப்படையாகிவிடும். கும்பிடு திரும்பாவிடின் கண்டார் எவரும் அதனைக் குறையாக எண்ணார். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். தஞ்சைத் தரணியில் இது சிறிதாயிருக்கவில்லை.

திருத்துறைப்பூண்டி இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னர்ப் பழைய தஞ்சை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. முள்ளியாறு பாயும் அவ்வூரைச் சூழ்ந்த நிலம் காவிரிப் பாசனத்தின் கடைமடைக்கு அண்மையது. நெல்லே அங்குச் செல்வம், நெல்லே கூலி. நிலமோ பெரும்பாலும் மிராசுதார்களிடத்தும் மடங்களிடத்தும் கோயில்களிடத்தும் இருந்தது. உழுது, பறித்து, நட்டு, அறுத்து, அடித்துத் தூற்றிய கைகள் பண்ணையாள்களுடையன. அவருட் பெரும்பாலார் தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்ட மக்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அங்கு நிகழ்ந்த வந்தனமுறை எங்ஙனமிருந்தது? பண்ணையாள் மிராசுதாரைக் கண்டால் தோளிற் கிடந்த துண்டை எடுத்து இடுப்பிற் கட்டுதல் வேண்டும். வேட்டியை முழங்காலுக்குக் கீழ் இறங்கவிடலாகாது. எட்டநின்று ‘ஆண்டே’ என விளித்துக் கும்பிடுதல் வேண்டும். நரைத்த கிழவரையும் மிராசுதார் வீட்டுச் சிறுவன் பெயர்சொல்லி ‘வா, போ’ என்று ஏவலாம். கொடுப்பதைக் கையிற் கொடாது மேலிருந்து போடுதலே வழக்கம். கை கையைத் தொடாதிருத்தற்கே அத்தனை ஏற்பாடும்!

அன்பர்களே, இதனைச் சற்றே சிந்திமின். நாற்றைத் தொட்ட கை அது. கதிரைத் தொட்ட கை அது. களத்தில் நெல்லைத் தொட்ட கை அது. அந்நெல்லைக் குற்றிய அரிசி இலையில் விழுந்தபோது அதனை யாரும் விலக்கினாரல்லர். கை தொட்ட சோறு ஆகும், தொட்ட கை மட்டும் ஆகாது என்னும் இம்முறைக்குத் தருக்க நூலில் என்ன பெயர் கொடுப்பது? திருத்துறைப்பூண்டிக் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவற்குப் பிறவிமருந்தீசர் என்பது திருநாமம். பிறவியே நோய், அதற்கு மருந்து இறைவன் என்பது அப்பெயரின் கருத்து. பிறவியினால் ஒருவன் கை தூயது, மற்றொருவன் கை தூயதன்று என்னும் நோய்க்கு அத்திருக்கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே நெடுங்காலம் மருந்து காணப்படாமற் போயிற்று என்பது வருந்தத்தக்கது.

மருந்து தேடப்பட்ட வரலாறும் அப்பகுதிக்கே உரியது. கன்னட நாட்டிற் பிறந்த பி. சீனிவாசராவ் என்பவர் 1943-இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, பண்ணையாள்களைச் சங்கமாகச் சேர்த்தார். மன்னார்குடியை அடுத்த தென்பரையிலும், பின்னர்க் களப்பாள் முதலிய ஊர்களிலும் கிளர்ச்சி எழுந்தது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் ஒழிதல் வேண்டும் என்பது அவர்தம் முதற்கோரிக்கைகளுள் ஒன்று. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்படிக்கை அக்கொடுமைகளுக்கு முடிவு கூறியது. 1948-இல் மாயவரத்தில் கூலியைப்பற்றிய உடன்படிக்கை ஏற்பட்டது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாசராவ் 1961-இல் மறைந்தார். அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே உள்ளது. அவருடைய அரசியற் கொள்கையை ஒப்புவோரும் ஒப்பாதோரும் நம்முள் இருக்கலாம். ஆயினும், கூலி நெல்லோடு ஒருங்கே, துண்டைத் தோளில் இட்டு நடக்கும் உரிமையும் அக்கிளர்ச்சியிற் கேட்கப்பட்டது என்பதை யாவரும் கருத்தில் இருத்துதல் வேண்டும். வயிற்றுக்கு வேண்டியதைக் கேட்டவர், வந்தனத்தில் நிகர்மையையும் அதே மூச்சிற் கேட்டனர். ‘ஆண்டே’ என்னும் சொல் இருந்தவிடத்துத் ‘தோழர்’ என்னும் சொல் வந்தது. ‘தோழர்’ என்று அழைத்தவனை அதே சொல்லால் திரும்ப அழைத்தல் கூடும். ‘ஆண்டே’ என்று அழைத்தவனை அங்ஙனம் திரும்ப அழைப்பார் இல்லை.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவினால் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கட்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பின்னரும், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியிற் கூலித்தகராற்றின் முடிவில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். சட்டம் ஒரு கையைப் பிறிதொரு கையை அடியாதபடி தடுக்க வல்லது. ஒரு கையைப் பிறிதொரு கையைப் பற்றும்படி செய்ய அதனால் இயலாது. அதனைச் செய்யவேண்டியது கல்வி. நாம் கல்லூரிகளை வைத்திருப்பது எதன்பொருட்டு?

இன்று காலம் பெரிதும் மாறியிருக்கின்றது. துண்டைத் தோளில் இடுவோரை வினவுவார் இல்லை. பண்ணையாளின் பேரன் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றான். திருத்துறைப்பூண்டிச் சட்டமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோர்க்குரிய தனித்தொகுதியாய் இருக்கின்றது. தேர்தற்காலத்தில் அப்பக்கத்துச் சேரிகட்கும் குடியிருப்புகட்கும் செல்வோர் ஒரு புதுமையைக் காண்பர். எக்கட்சி வேட்பாளராயினும் கூப்பிய கையோடு தெருவில் நடப்பார். திண்ணையில் அமர்ந்திருப்பவரோ தலையசைப்பார். பல நூற்றாண்டுகளாக ஒரு பக்கமாகவே ஓடிய கும்பிடு ஐந்தாண்டுக்கொருமுறை திசைமாறி ஓடுகின்றது! வாக்குச்சீட்டின் வலிமைக்கு இதனைவிடச் சான்று வேண்டா. வாக்கு எண்ணி முடிந்தபின் அது எத்திசையில் ஓடுகின்றது என்பதை அன்பர்களே கண்டறிந்துகொள்க. ஒரு கும்பிடு உண்மையானதா அன்றா என்பதற்கு, காரியம் முடிந்தபின்னும் அது தொடர்கின்றதா என்பதே உரைகல்.

கைகுலுக்கல் மட்டும் குற்றமற்றதென நாம் கூறவில்லை. அதற்கும் படிகள் வகுத்திருக்கின்றனர் நம்மவர். செல்வர்க்கு இரண்டு கை, உத்தியோகஸ்தர்க்கு முழுக்கை, மற்றவர்க்கு நான்கு விரலின் நுனி. கைகொடுக்குங்கால் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வாரும் உளர்; கொடுத்தபின் கைக்குட்டையைத் தேடுவாரும் உளர். மேடையிற் புகைப்படக்காரர் ஆயத்தமாகும்வரை ஒருவர் கையை விடாது பிடித்திருந்து, படம் எடுத்தவுடன் உதறிவிடுவாரும் உளர். இவையெல்லாம் பழைய எட்டநின்ற கும்பிட்டின் புதிய வேடங்களே. தீண்டுதலால் மட்டும் தீண்டாமை ஒழிந்துவிடாது. தீண்டும் மனம் வேண்டும்.

அத்தகைய மனம் என்ன செய்ய வல்லது என்பதற்குத் தமிழ்நாட்டு வைத்திய வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1914-இற் கொல்லிமலையில் ஊழியஞ்செய்த பெற்றோர்க்குப் பிறந்த பால் பிராண்டு என்பவர், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1947-இல் டாக்டர் இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் விடுதிக்கு அழைத்துச்சென்றார். அங்கு விரல்கள் உள்மடங்கி நகம்போல் வளைந்துகிடந்த நோயாளர் பலரைக் கண்டார். அக்கைகள் செத்தன, அழுகி விழுவன என்பதே அந்நாளைய எண்ணம். பிராண்டு அவர்களுள் ஒருவர் கையில் தம் கையைக் கொடுத்து, இயன்றமட்டும் இறுக்கிப் பிடிக்குமாறு சொன்னார். அவர் பிடித்த பிடியில் மருத்துவர்க்கு வலியெடுத்தது. பயனற்றதெனத் தள்ளப்பட்ட அக்கையில் வலிமைமிக்க தசைகள் உயிரோடிருத்தலை அப்பிடியே அவர்க்கு அறிவித்தது. நலமுள்ள தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலுக்கு மாற்றி இணைக்கும் அறுவைமுறை அதனின்று வளர்ந்தது. மடங்கிய கைகள் பல நிமிர்ந்தன. உலகம் முழுதும் தொழுநோயாளரின் கைகட்குக் கிடைத்த மறுவாழ்வு, தமிழ்நாட்டில் ஒருவர் தயங்காது கொடுத்த ஒரு கையிலிருந்து தொடங்கியது என்று கூறினால் அது மிகையாகாது. தொட்டுப் பார்த்தவர்க்கே அக்கையின் உண்மை புலப்பட்டது; எட்டநின்றவர்க்கு நோய்மட்டுமே புலப்பட்டது. 1987-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் எயிட்ஸ் நோயாளருக்கு இளவரசி டயானா உறையணியாத கையைக் கொடுத்தபோதும், உலக மக்களின் வீண் அச்சத்தை அக்கை ஓரளவு போக்கிற்று.

திருச்சபைகளின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1706-இல் தரங்கம்பாடியிற் சீர்திருத்தச் சபையின் ஊழியம் தொடங்கிற்று. ஆயினும், சாதிவேற்றுமை ஆலயத்துக்குள்ளும் புகுந்து, அமருமிடத்தையும் நற்கருணை பெறும் வரிசையையும் பிரித்தது. 1833-இற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் அவ்வேற்றுமை அறவே ஒழிக என்று ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையிற் பலர் அதற்கு உடன்பட மறுத்தனர். வேதத்தை ஏற்றவர் அயலான் கையை ஏற்கத் தயங்கினர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தது. 1950-இல் அதற்கென வகுக்கப்பட்ட நற்கருணை ஆராதனைமுறையில், மலையாள நாட்டுச் சிரியன் சபைகளின் வழக்கத்தைத் தழுவி, ஒருவர் கையை ஒருவர் இரு கைகளாலும் பற்றிச் சமாதானம் வழங்குதல் சேர்க்கப்பட்டது. அருகில் நிற்பவர் யாராயினும் அவர் கையைப் பற்றியே தீரவேண்டும். பந்திக்கு முன் கை பற்றுக என்னும் இவ்விதி, அந்நெடுநாளைய தயக்கத்துக்கு ஏற்ற விடையன்றோ?

இதற்கு மறுப்புக் கூறுவோர் சிலர் உளர். கைகுலுக்கலால் நோய் பரவும் என்பர் ஒருவர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றென அறிவித்தபின், உலகமெங்கும் கைகுலுக்கல் நின்றது. மேனாட்டு அரசர்களும் தலைவர்களும் நம்மைப்போற் கைகூப்பினர். அதனைக் கண்டு நாம் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால், அப்போது சிலர், நம் முன்னோர் எட்டநின்றதெல்லாம் சுகாதாரத்தின்பொருட்டே என்று பேசத்தொடங்கினர். அது பொருந்தாது. நோயுள்ளவரெல்லாரும் நோயற்றவரெல்லாரினின்றும் சில நாள் விலகிநிற்றல் சுகாதாரம். நோயற்ற ஒருவன் பிறந்த குலம் காரணமாகப் பிறந்த நாள்முதல் இறக்கும்வரை விலக்கப்படுதல் சுகாதாரமாகாது. முன்னதற்குச் சோப்பும் தண்ணீரும் போதிய மருந்து. பின்னதற்கு அவை உதவா.

பெண்டிர்க்குக் கைகொடுத்தல் நம் பண்பாட்டுக்கு ஏலாது என்பர் மற்றொருவர். இதிற் கட்டாயம் ஆகாது என்பதே நமது கருத்து. சமயத்தாலோ வளர்ப்பாலோ கூச்சமுடையவர்பால் கையை நீட்டி இடர்ப்படுத்தல் மரியாதையன்று. டென்மார்க்கு நாட்டினர் 2018-இல் ஒரு சட்டமியற்றி, குடியுரிமை பெறுவோர் விழாவிற் கைகுலுக்கியே தீரவேண்டும் என விதித்தனர். அன்பின் அடையாளத்தை ஆணையாக்கினால் அதில் அன்பு நில்லாது. பெண்டிரும் மூத்தோரும் தாமே கைநீட்டினால் மகிழ்ந்து பற்றுக, நீட்டாவிடின் கைகூப்புக. கைகூப்பினும் முகமலர்ச்சி நிகராயிருத்தல் வேண்டும், அவ்வளவே.

ஆகவே, நாம் மாணவ அன்பர்கட்குக் கூறவிரும்புவன சிலவே. முதலாவது, எந்த வந்தனத்தை மேற்கொண்டாலும் அதனை எல்லார்க்கும் ஒரேவிதமாகச் செய்க. கல்லூரி முதல்வர்க்கு ஒரு வந்தனமும், விடுதியிற் சமைப்பவர்க்கு ஒரு வந்தனமும், தாழ்வாரம் பெருக்கும் அம்மையார்க்கு வந்தனமே இன்மையும் கற்றவர்க்கு அழகல்ல. இரண்டாவது, பிறர் செய்த கும்பிட்டைத் திரும்பச் செய்யாது செல்லற்க. திரும்பாத கும்பிடு கடன். அக்கடனைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நாடு நம் நாடு. மூன்றாவது, கையோடு சொல்லையும் திருத்துக. வயதில் மூத்த உழவரை ‘ஐயா’ என்றும், ‘பெரியவரே’ என்றும், ‘அம்மா’ என்றும் அழைக்கப் பழகுக. தைத்திங்களிற் பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து மாணவர்கள், அப்போது வயலிலும் களத்திலும் நிற்பவரை முன்சென்று வணங்குக. அவர் முதலில் வணங்கட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. கை சேறாயிருக்கின்றதே என்று அவர் பின்வாங்குவாராயின், அச்சேற்றோடு அக்கையைப் பற்றுக. அது நம் சோற்றின் சேறு.

நான்காவதாக நம் கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுவிழாவிற் பரிசு பெறும் மாணவர்க்கு விழாத்தலைவர் மேடையிற் கைகொடுக்கின்றார். அதனைப் பெற்றோர் கண்டு களிக்கின்றனர். நீண்டநாள் பணிசெய்து ஓய்வுபெறும் காவலர், தோட்டக்காரர், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரையும் அதே மேடைக்கு அழைத்து, அதே தலைவர், அதே கையை அவர்கட்கும் கொடுக்குமாறு செய்தல் கூடாதோ? அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆண்டு முழுதும் வகுப்பில் நாம் கற்பிக்கும் நிகர்மைப் பாடத்தை மாணவர் ஒருகணத்திற் கண்ணாற் கண்டு கற்றுக்கொள்வர்.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயிருந்தனர் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. உணர்ச்சி ஒத்தவிடத்து வந்தனமும் வேண்டா, கைபற்றலும் வேண்டா. ஆனால், நாம் அந்நிலையை இன்னும் எய்தினோமல்லோம். ஒரே ஊரில், ஒரே ஆற்று நீரைப் பகிர்ந்து, நாடோறும் கண்டும், தொடாது வாழ்ந்த மக்களின் பெயரர் நாம். அவர்கள் நெடுங்காலம் நீட்டாமல் வைத்திருந்த கையை முதலில் நீட்டவேண்டியவர், கற்றவராகிய நாமே. கூப்பியேனும் நீட்டியேனும் அக்கை நிகர்மையோடு செல்லுமாயின், அது தமிழர் வழக்கமா மேனாட்டார் வழக்கமா என்னும் வழக்கு தானே முடிந்துவிடும்.